ஒப்பாரி மொய்

ஆவடி முகாமின் மேற்குக் கோடியில், நெமிலிச்சேரிக்குப் போகிற வண்டிப்பாதை ஓரமாக ஒரு கல்லறைத் தோட்டம் இருந்தது. சின்ன இடம்தான். சுற்றிலும் முள்கம்பி கட்டி, வாசலில் 'போர் வீரர் கல்லறை' என்று இங்கிலீஷில் பலகை மாட்டியிருந்தார்கள். உள்ளே படுத்திருந்தவர்களில் ஒருவர்கூடப் போரில் சாகவில்லை. ஒருவர் ஏரியில் குளிக்கப் போய்ச் சேற்றில் சிக்கிக்கொண்டார். ஒருவர் சித்திரை வெயிலில் அணிவகுப்பில் நின்றபடியே சுருண்டு விழுந்தார். இரண்டு பேருக்கு டைபாய்டு. பண்டகசாலை சார்ஜன்ட் குடித்துக் குடித்தே மஞ்சள் காமாலையில் போனார். லாரி ஓட்டுகிற பையன் ஒருவன் திருநின்றவூர் வளைவில் வண்டியோடு வாய்க்காலில் கவிழ்ந்தான். சண்டை என்னவோ பர்மாவிலும் மலேயாவிலும் நடந்துகொண்டிருந்தது.

நான் முகாம் ஆஸ்பத்திரியில் ரைட்டர். உயிரோடு இருப்பவர்களின் காய்ச்சலை எழுதி வைக்கிறவன் செத்தவர்களின் தோட்டத்தையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று காப்டன் டாக்டர் ஒரு நாள் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு என் முதுகில் தட்டிக்கொடுத்தார். வெள்ளைக்காரன் முதுகில் தட்டினால் அன்றிலிருந்து ஒரு வேலை கூடியது என்று அர்த்தம்.

அந்த வேலைக்குப் போன முதல் நாளே அந்த அம்மாளைப் பார்த்தேன். சார்ஜன்ட்டின் மேல் குந்திக்கொண்டு, மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். நெமிலிச்சேரியில் கூலி வேலை செய்கிறவள். நாற்பதைத் தாண்டியிருப்பாள். ஒல்லியான உடம்பு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய குரல்.

"யாரைக் கேட்டும்மா உள்ளே வந்தே?" என்றேன்.

"யாரக் கேக்கணும்? இவங்களயா?" என்று அரிவாளால் கல்லறைகளைக் காட்டினாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "புல்லு சும்மா வாணாம் ரைட்டரே. காலீல ஒரு சொம்பு பாலு குட்த்துட்றேன்" என்றாள்.

சர்க்கார் உத்தியோகஸ்தன் கை நீட்டமாட்டான் என்று நான் கொஞ்சம் நிமிர்ந்து நின்று சொன்னேன். அவள் எழுந்தாள். கட்டிய புல்லுக்கட்டை அவிழ்த்து, அறுத்த புல் மொத்தத்தையும் அந்தந்தக் கல்லறை மேலேயே பரப்பினாள். "பாலு வாணாம்னா எனக்குப் புல்லும் வாணாம்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். ஒரு மாதத்தில் புல் இடுப்பளவு வந்தது. பாம்பு வந்தது. காப்டன் வந்தார், இந்த முறை முதுகில் தட்டவில்லை. நான் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நெமிலிச்சேரிக்குப் போய், அம்மா தாயே, பாலைக் கொடு, புல்லை எடு என்று கெஞ்சினேன். அந்தப் பாலில் தண்ணீர் இருந்ததா என்று கேட்காதீர்கள். இருந்தது. கேட்டதற்கு, உன் புல்லில் முள் இருந்தது என்று பதில் வந்தது.

அவளுக்கு ஓர் உதவி செய்வது ஆபத்தான காரியம். திருப்பிச் செய்கிறவரை விடமாட்டாள். ஒரு சிப்பாய் லாரியில் போகும்போது தெருப் பிள்ளைகளுக்குச் சாக்லேட் வீசிவிட்டுப் போனான். பிள்ளைகள் பொறுக்கித் தின்றார்கள். மறுநாள் அவள் அதே இடத்தில் நின்று, அதே லாரியைக் கையைக் காட்டி மறித்து, அந்தச் சிப்பாயின் மடியில் ஒரு முறம் புளியங்காயைக் கொட்டினாள். அவனும் மரியாதைக்காக ஒன்றைக் கடித்தான். அவன் முகம் போன கோணலைப் பார்த்துத் தெருவே சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. "சரியாப் பூட்ச்சி" என்று முறத்தைத் தட்டிக்கொண்டு திரும்பினாள்.

ஆனால் அவள் மிகக் கறாராக இருந்தது அழுகையில்தான். நம் பக்கத்தில் அழுகையும் மொய்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இவள் வீட்டுச் சாவுக்கு யார் வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்களோ, அவர்கள் வீட்டுச் சாவுக்கு இவள் போய் அழுதாக வேண்டும். இதை எல்லாரும் செய்வார்கள். இவள் அளவு பார்த்துச் செய்வாள். இவளுடைய ஓரகத்திக்கும் இவளுக்கும் ஒரு வரப்புச் சண்டையில் பேச்சு நின்றுபோய்ப் பல வருஷம். அந்த ஓரகத்தியின் தாய் செத்தபோது இவள் போய், அவளைக் கட்டிப்பிடித்து, பொழுது சாயும்வரை மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து முந்தானையை உதறிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டாள்.

"இதுக்கு மேல என்னம்மா, பேசிடறதுதானே?" என்று கேட்டேன்.

"அவ எங்கம்மா சாவுக்கு வந்து பொயுது சாயிற வரிக்கும் அயுதா. மொறைய வுட முடியுமா? பேசறது வேற, அயுவறது வேற."

அவளுக்கு ஒரே பிள்ளை. புருஷன் எப்போதோ போய்விட்டான். பிள்ளை லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு, பட்டாளத்தில் டிரைவராகச் சேர்ந்து, மலேயாவுக்குக் கப்பல் ஏறினான். சிங்கப்பூர் விழுந்த பிறகு அவனைப் பற்றித் தகவல் இல்லை. கைதாகிவிட்டான் என்றார்கள் சிலர். அங்கேயே ஒரு சீனச்சியைக் கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறான் என்றார்கள் வேறு சிலர். முகாம் ஆபீசில் கேட்டால் 'காணவில்லை' என்ற ஒரு சொல்தான் வந்தது. பிள்ளையைக் கொண்டுபோனவர்களே காணவில்லை என்று சொன்னால் என்ன செய்வது? அதற்குமேல் அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சில நாள் கழித்துக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து அரிவாளைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கேட்டாள்:

"ரைட்டரே, இதுல எவன் டைவரு?"

இரண்டாம் வரிசையில் லாரிப் பையனின் சிலுவையைக் காட்டினேன்.

"வயசு?"

"இருபது இருக்கும்."

"அப்ப சரி. இவன நான் பாத்துக்கறேன். எம் புள்ளய அங்க ஒருத்தி பாத்துக்கட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "இவன் ஊர் இங்கிலாந்தும்மா. உன் பிள்ளை இருக்கிறது மலேயா. நடுவிலே கடல் இருக்கு. போதாததுக்கு மலேயா இப்போ ஜப்பான்காரன் கையிலே."

"இவன் ஊட்டு ஆளுங்க எவனாச்சும் அங்க மாட்டிக்கினு இருப்பான் இல்ல? அவன் பாத்துக்கட்டும்" என்றாள். சர்க்காரின் போர்த் திட்டத்தைவிட அது எனக்குத் தெளிவாகப் பட்டது.

பிறகு கேட்டாள்: "இவனுக்கு யாருன்னா அயுதாங்களா?"

துப்பாக்கி சுட்டார்கள், ஊதுகுழல் ஊதினார்கள், பாதிரி படித்தார், எல்லாரும் சலாம் வைத்தார்கள் என்று வரிசையாகச் சொன்னேன்.

"வேட்டு வெச்சீங்க, ஊதனீங்க. அயுவ ஒரு பொம்பள இல்லியா?"

இல்லை என்றேன். உடனே கூந்தலை அவிழ்த்துவிட்டாள். ஒப்பாரிக்குக் குலம் கோத்திரம் வேண்டும் அல்லவா, "இவன் கூடப் பொறந்தவங்க எத்தினி பேரு? ஊட்ல மாடு கீதா?" என்று என்னிடமே விசாரித்தாள். எனக்கு என்ன தெரியும்? தெரியாது என்றேன். அவளாகவே அவனுக்கு ஏழு அண்ணன்மாரைக் கொடுத்தாள். நாலு ஜோடி எருது கொடுத்தாள். பெண் பார்த்து நிச்சயம்கூடச் செய்துவிட்டாள். "ஏழு பேருக்கு இளையவனே, எண்ணெ வெச்சு வளந்தவனே" என்று அவள் தொடங்கியபோது நான் அங்கிருந்து மெதுவாக நகர்ந்தேன். சாயங்காலம் ஆஸ்பத்திரி பூட்டிவிட்டு வரும்போதும் அழுதுகொண்டிருந்தாள். அந்த வெள்ளைக்காரப் பையன் உயிரோடு இருந்தபோதுகூட அவ்வளவு வசதியாக இருந்திருக்கமாட்டான்.

அன்றிலிருந்து அமாவாசைக்கு அமாவாசை படையல். தன் பிள்ளைக்குப் பிடித்ததையெல்லாம் கொண்டுவருவாள். கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு, வெற்றிலை பாக்கு, ஒரு சுருட்டு. இலையில் வைத்துவிட்டு, "துன்னு நைனா, அங்க அவனும் துன்னுவான்" என்பாள். ஒரு முறை காப்டன் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வந்து, மூக்கைச் சுளித்து, இது என்ன வாசனை என்று கேட்டார். உள்ளூர்ப் பூ என்றேன். இந்தியாவில் எல்லாப் பூவுமே வித்தியாசமாக இருக்கிறது என்று அவர் சொன்னார்.

இதில் ஒரு விபரீதம் நடந்தது. அவள் படையல் தொடங்குவதற்கு முன்பே ஒரு பெருமழையில் மண்மேடுகளெல்லாம் கரைந்து தரை சமமாகிவிட்டிருந்தது. சிலுவைகள் மட்டும்தான் நின்றன. பெயர் எழுதிய பக்கம் பாதையைப் பார்த்து இருந்தது. பெயர் இருக்கிற பக்கம்தான் ஆள் இருப்பான் என்று அவள் எடுத்துக்கொண்டு, சிலுவைக்கு முன்னால் இலை போட்டு வந்தாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் பாதையில் போகிறவர்கள் படிக்க வசதியாக இருக்கட்டும் என்று முகாம் தச்சன் எல்லாப் பெயர்ப்பலகையையும் திருப்பி அடித்திருந்தான். ஆள்கள் சிலுவைக்குப் பின்னால் படுத்திருந்தார்கள். ஒரு நாள் கொத்தனார்கள் வந்து ஒவ்வொரு கல்லறையைச் சுற்றியும் செங்கல் கட்டினார்கள். அடுத்த அமாவாசைக்குக் குழம்புச் சட்டியோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ரைட்டரே, டைவரு அந்தாண்டயா கீறான்?"

"ஆமாம்மா."

"அப்ப இந்தாண்ட கீறது?"

முன்வரிசை ஆளின் கால்மாடு அது. முன்வரிசை ஆள் பண்டகசாலை சார்ஜன்ட். உயிரோடு இருந்தபோது அவள் மாட்டைப் பட்டியில் அடைத்தவன், புல்லுக்கட்டைப் பூட்ஸ் காலால் உதைத்தவன். எப்படிச் சொல்வது என்று விழித்தேன். என் முழியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இத்தினி நாளா இந்தக் கயிதையா துன்னான்?" என்றாள். சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சார்ஜன்ட்டை ஏசினாள். நான் இங்கே எழுத முடியாதபடி, அவன் பரம்பரையில் ஒருவரை விடாமல் ஏசினாள். நான் ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று குரல் இறங்கிவிட்டது. "அப்ப எம் புள்ள அங்க பட்னியா கெடந்திருப்பான்" என்றாள். எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. அப்படியெல்லாம் இல்லையம்மா, இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று என்னென்னவோ சொன்னேன். காதில் வாங்கவில்லை. அன்றிலிருந்து அமாவாசைக்குச் சட்டி இரண்டாயிற்று, இரண்டும் டிரைவருக்கே. விட்டுப்போனதை ஈடுகட்ட வேண்டுமாம்.

சண்டை முடிந்தது. கைதாகியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கப்பலில் வந்து இறங்கினார்கள். திருநின்றவூர்க்காரன் ஒருவன், எலும்பும் தோலுமாக, தடி ஊன்றிக்கொண்டு அவளைத் தேடி வந்தான். அவள் பிள்ளையோடு சயாம் காட்டில் ரயில்பாதை போடும் வேலையில் இருந்தவன். காய்ச்சலில் போய்விட்டான் அம்மா, பல பேரை ஒன்றாகப் போட்டு மண்ணைத் தள்ளினார்கள், எந்த இடம் என்று எனக்கே இப்போது காட்டத் தெரியாது என்று சொன்னான்.

செய்தி கேட்டு நானும் போனேன். ஊர்ப் பெண்கள் எல்லாரும் வந்து வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் யாருக்கெல்லாம் அழுதிருக்கிறாளோ அவ்வளவு பேரும் வந்திருந்தார்கள். ஓரகத்தி முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அழுகைச் சத்தம் இல்லை. அவள் அழாமல் மற்றவர்கள் எப்படித் தொடங்குவது? கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல், சுவரில் சாய்ந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பேசினாள்.

"உங்க தொரைகிட்டச் சொல்லு ரைட்டரே. அவங்க புள்ளைக்கு அயுவ ஆளில்லாதப்ப நான் போயி அயுதேன். பொயுது சாயிற வரிக்கும் அயுதேன். எம் புள்ள அவங்க வேலையாப் போயிதான் செத்தான். அவங்க வந்து இங்க அயுவணும். பட்டாளமே வர வாணாம், ஒரு ஆளு வந்தாப் போதும். அவங்க வரட்டும், அப்பறம் நான் அயுவறேன்."

இதை இங்கிலீஷில் சொல்லிப் பாருங்கள். நான் காப்டன் எதிரில் நின்று சொன்னேன். ஒரு தாய், ஒரு கைமாறு, வழக்கம், அழுகை என்று எனக்குத் தெரிந்த சொல்லையெல்லாம் போட்டுச் சொன்னேன். அவர் புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு முழுக்கக் கேட்டார். நல்ல மனிதர். அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் முடியாது என்று அப்போதே சொல்லித் தொலைத்திருப்பார். "நிச்சயம் வருகிறேன். செய்யவேண்டிய மரியாதையைச் செய்வோம்" என்றார். நானும் நம்பிவிட்டேன்.

மறுநாள் முற்பகல், சலவைச் சட்டையோடு காப்டனும் இரண்டு சிப்பாய்களும் வந்து அவள் குடிசை வாசலில் வரிசையாக நின்றார்கள். பிள்ளைகள் மரத்தில் ஏறிக்கொண்டார்கள். பெண்கள் தலைமயிரை அவிழ்த்துக்கொண்டு தயாரானார்கள். மூன்று பேரும் தொப்பியைக் கழற்றினார்கள். தலையைக் குனிந்தார்கள். கையை முன்னால் கோத்துக்கொண்டார்கள். ஒரு சத்தமில்லை. எங்கோ ஒரு கோழி கொக்கரித்தது. சிறிது நேரத்தில் மூன்று பேரும் நிமிர்ந்து, தொப்பியை வைத்துக்கொண்டு, விறைப்பாக ஒரு சலாம் வைத்தார்கள்.

அவள் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்: "எப்ப ஆரம்பிப்பாங்க?"

"முடிஞ்சிடுச்சும்மா."

"இன்னா முடிஞ்சிது?"

"அவங்க ஊர்ல இப்படித்தான். சாவுன்னா பேசாம நிப்பாங்க. அதுதான் பெரிய மரியாதை."

"பேசாம நின்னா செத்தவனுக்கு எப்பிடிக் கேக்கும்?" என்றாள்.

அவள் அந்த மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் வரும் என்று பயந்தேன். வரவில்லை. "பாவம், யாரும் சொல்லிக் குடுக்கல போலக்கீது" என்றாள். பிறகு கூந்தலை அவிழ்த்தாள்.

அவள் அழுததை எழுத எனக்குத் திராணி இல்லை. இந்த முறை அண்ணன்மாரும் இல்லை, எருதும் இல்லை. ஒரே பிள்ளை, ஒற்றை மாடு, காட்டில் எங்கோ ஒரு குழி. உள்ளதைச் சொல்லி அழுதாள். ஓரகத்தி பாய்ந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வட்டம் முழுக்க வெடித்தது. புறப்படக் காலை எடுத்த காப்டன் அப்படியே நின்றார். அழுகிற இடத்திலிருந்து எப்போது நகரலாம் என்று அவர்கள் சட்டத்தில் இல்லை போலிருக்கிறது. மறுபடி தொப்பியைக் கழற்றினார். என்னிடம் குனிந்து, "இது எப்போது முடியும்?" என்று கேட்டார்.

"பொழுது சாயும், சார்" என்றேன்.

போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். சிப்பாய்களை முகாமுக்கு அனுப்பிவிட்டு, தான் மட்டும் அந்த வெயிலில் நின்றார். உச்சிவேளையில் கால் தளர்ந்து, சலவைக் கால்சட்டையோடு புழுதியில் உட்கார்ந்தார். ஒரு கிழவி தன் முந்தானையை விரித்து அவர் தலைமேல் நிழல் பிடித்தாள். அவர் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வந்ததா என்றால் நான் பார்க்கவில்லை. எழுந்து போகவில்லை, அதை மட்டும் நான் சத்தியம் பண்ணுவேன்.

பொழுது சாய்ந்தது. எல்லாரும் ஓய்ந்து முகம் கழுவினார்கள். காப்டன் எழுந்து புழுதியைத் தட்டிக்கொண்டு, விடைபெற்றுக்கொள்ள அவளிடம் வந்தார். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"சொல்லிக்காமப் போவச் சொல்லு ரைட்டரே. சாவு ஊடு."

நான் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் முகாம் பக்கமாக நடந்தார். வாயை மூடிக்கொண்டு போவது அவருக்கு நன்றாகவே வந்தது.

அவர் பாதை முனையில் மறைகிறவரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"தொரைக்கு அம்மா கீறாங்களா?"

"தெரியலையேம்மா. ஏன்?"

"இருந்தா நல்லா இருக்கட்டும். எதுனா ஆச்சின்னா எனக்குச் சொல்லி அனுப்பு ரைட்டரே. நான் போவணும்."